பாலைவன ஊருக்கு எந்த நிழல்: மரமா, கூரையா, வெளிர் பூச்சா?

2023 கோடையில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துப் பீனிக்ஸ் நகரில் தொடர்ந்து 31 நாள் வெயில் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. அந்த நகரம் இருக்கும் மாரிக்கோப்பா மாவட்டத்தில் அந்த ஆண்டு வெப்பம் காரணமாக இறந்தவர்கள் 645 பேர். அவர்களில் பலர் வீடில்லாமல் வெளியில் வாழ்ந்தவர்கள். பாலைவன ஊர்களில் பொது இடம் என்றால் அழகான பூங்காவைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருக்க முடியாது. வெளியில் நின்றே ஆகவேண்டியவர்களின் உயிர் அதில் இருக்கிறது.

அப்படிப்பட்ட இடத்தைக் குளிர்விக்க என்ன செய்யலாம் என்று கேட்டால், சாலைக்கு வெளிர் நிறப் பூச்சு, தண்ணீரைப் புகைபோலத் தூவும் குழாய்கள், கூரை, மரம் என்று பதில்கள் வரும். இவற்றை ஒப்பிட ஓர் அளவுகோல் வேண்டும். காற்றின் வெப்பநிலை மட்டும் போதாது. நேர் வெயில், கொதிக்கும் தார், பக்கத்துச் சுவர் என எல்லாப் பக்கமிருந்தும் ஒருவர் உடம்பின் மேல் வந்து விழும் சூட்டைத்தான் பார்க்கவேண்டும். இதைச் சராசரிக் கதிர்வீச்சு வெப்பநிலை என்கிறார்கள்.

இப்படிப் பார்த்தால் முதலில் அடிவாங்குவது பூச்சுதான். பீனிக்ஸ் நகராட்சி 2020-இல் குடியிருப்புத் தெருக்களில் வெளிர் பூச்சை அடித்துப் பார்த்தது. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தினர் அளந்தபோது, பகலில் தரையின் சூடு பழைய தாரைவிட ஏறக்குறைய 6 டிகிரி குறைந்திருந்தது. இரவுக் காற்றும் கொஞ்சம் தணிந்தது. ஆனால் நடுப்பகலில் அதே தெருவில் நிற்பவர்மேல் விழும் சூடு 3 டிகிரி அளவுக்குக் கூடிவிட்டது. தரை உள்வாங்காத வெயில் திரும்பி ஆள்மேல்தான் அடிக்கும். வாகனம் மட்டும் ஓடும் சாலைக்கும் கட்டடங்களின் மொட்டைமாடிக்கும் இது நல்ல வழி. குழந்தைகள் விளையாடும் திடலிலும் நடைபாதையிலும் இதை அடிப்பதை நான் ஏற்கமாட்டேன்.

தண்ணீர் தூவும் குழாய்களைப் பற்றிப் பேச அதிகமில்லை. வறண்ட உள்நாட்டுக் காற்றில் நன்றாக வேலை செய்யும். வளைகுடாக் கடலோரம்போல ஈரப்பதம் ஏறிய கோடையில் ஆளை நனைப்பதோடு சரி. உப்பு அதிகமுள்ள தண்ணீர் என்றால் துளைகள் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்.

அப்புறம் உண்மையான போட்டி மரத்துக்கும் கூரைக்கும்தான்.

கூரை உடனே கிடைக்கும்; இதற்கு ஈடே இல்லை. ஆனால் எல்லாக் கூரையும் ஒன்றல்ல. தகரக் கூரை தானே சூடேறி, கீழே நிற்பவர் தலைமேல் அதை இறக்கும். நிழல்வலை அவ்வளவு சூடேறாது, ஆனால் வெயிலிலும் காற்றிலும் நைந்துபோகும்; மாற்றுவதற்குப் பணம் ஒதுக்காத ஊரில் கடைசியில் கம்பங்கள்தான் மிஞ்சும். இரவுச் சிக்கலும் உண்டு. பகலில் தரை வாங்கிய சூடு இரவில் வானத்தை நோக்கிப் போகவேண்டும். நிரந்தரக் கூரை அதை மறித்துவிடும். மதீனாவில் நபியின் பள்ளிவாசல் முற்றத்தில் இருக்கும் 250 பெரிய குடைகள் இதற்கு நல்ல விடை: கோடையில் பகலில் விரிகின்றன, இரவில் மடங்கிக்கொள்கின்றன. எல்லா ஊருக்கும் அந்தச் செலவு கட்டாது. ஆனாலும் இரவில் சுருட்டிவிடக்கூடிய திரையை எந்த ஊரும் போடலாம்.

இன்னொரு குறை, பேருந்து நிழற்குடைகளில் அடிக்கடி காண்பது. வரைபடத்தில் நிழல் பெஞ்சின்மேல் விழும், ஏனென்றால் அது நண்பகல் நிழல். மாலை 4 மணிக்குச் சூரியன் மேற்கே சாய்ந்திருக்கும். நிழல் கிழக்கே தள்ளிப்போய் வெறும் தரையில் கிடக்கும், பெஞ்சு வெயிலில் காயும். வேலை முடிந்து ஆட்கள் வந்து நிற்பது அந்த நேரத்தில்தான். மேற்குப் பக்கம் ஒரு தட்டி வைத்தால் தீரும் விஷயம் இது.

மரம் என்றால் வேறு கணக்கு. இலை நீரை ஆவியாக்கிக்கொண்டே இருப்பதால் அது தகரம்போல் கொதிப்பதில்லை. ஆனால் நல்ல நிழலுக்குப் பல ஆண்டு காத்திருக்கவேண்டும், தண்ணீரும் வேண்டும். அதனால் எந்த மரம் என்பதில்தான் வெற்றி தோல்வி. சாலையோரம் வரிசையாக நிற்கும் பேரீச்சையின் நிழல் ஓர் ஆளுக்குக்கூடச் சரியாகப் போதாது. அபுதாபியில் 2021-இல் திறந்த அல் ஃபே பூங்கா, வன்னி முதலான அந்த மண்ணின் மரங்களை நெருக்கமாக நட்டிருக்கிறது. புல்வெளிப் பூங்காவைவிட இந்த வழி எனக்கு நூறு மடங்கு பிடிக்கிறது. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். தண்டுக்குப் பக்கத்திலேயே சொட்டுவானை (சொட்டுச் சொட்டாக நீர்விடும் குழாய்முனை) விட்டுவைத்து, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நனைத்தால் வேர் மேலாகவே நின்றுவிடும், உப்பும் அங்கேயே சேரும். பெருங்காற்று வந்தால் மரம் சாய்ந்துவிடும். மரம் வளர வளரச் சொட்டுவானைத் தள்ளி வைக்கவேண்டும். இடைவெளி விட்டு ஆழமாகப் பாய்ச்சவேண்டும்.

கூரையால் முடியாத ஒன்றும் மரத்தால் முடியும். பாலைவனத்திலும் வெள்ளம் வரும். 2024 ஏப்ரலில் ஐக்கிய அரபு அமீரகத்தின் கத்ம் அல் ஷக்லாவில் ஒரே நாளுக்குள் 254.8 மில்லிமீட்டர் மழை கொட்டியது. அவ்வளவு பெரிய வெள்ளத்தை எந்தத் தோட்டமும் தாங்காது. ஆனால் வழக்கமாக வரும் மழையை வீணாக்காமல் பிடிக்கலாம். அரிசோனாவின் டூசான் நகரில் சாலையின் ஓரக்கல்லை வெட்டி, தெருவில் ஓடும் மழைநீரை மரக்குழிக்குள் திருப்புகிறார்கள். சாக்கடைக்குப் போகவேண்டிய நீர் நிழலாகிறது. தரைமட்டத்துக்கு மேலே மேடை கட்டி மரம் நடுவது இதற்கு நேர் எதிர். மழை வந்தாலும் அந்த மரத்துக்கு ஒரு வாய் தண்ணீர் சேராது.

என்னைக் கேட்டால், கையில் இருக்கும் பணத்தில் முதல் பங்கு, ஆட்கள் நின்றே தீரவேண்டிய நிறுத்தங்களுக்கும் சந்தைகளுக்கும் மருத்துவமனை வாசல்களுக்கும் போகவேண்டும்: திரைக்கூரை, கூடவே மேற்குத் தட்டி. அதே நாளில் பக்கத்தில் குழி தாழ்த்தி மரமும் நடவேண்டும். மரம் ஆளானதும் திரையைக் கழற்றி அடுத்த நிறுத்தத்துக்குக் கொண்டுபோகலாம். ஒப்பந்தத்திலும் ஒரு வரி சேர்க்கச் சொல்வேன்: கோடையில் மாலை 4 மணிக்குப் பெஞ்சில் நிழல் விழுகிறதா என்று நேரில் பார்த்து, சூட்டையும் அளந்த பிறகே கடைசித் தவணை.