மஞ்சள்காணி வழியாகக் கிடைத்த கொள்ளுப்பாட்டி

என் அப்பாவின் தாத்தாவும் பாட்டியும் பழைய தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்து கப்பலேறி மலாயாவுக்கு வந்தவர்கள். பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசைவீட்டில்) குடியிருந்து பால்மரம் வெட்டினார்கள். இதற்கு மேல் எங்கள் கையில் இருந்தது தாத்தாவின் பிறப்புச் சான்றிதழ் ஒன்றுதான். அதில் தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) தன் காதில் விழுந்தபடி எழுதிவைத்த அம்மா அப்பா பெயர்கள் இருக்கின்றன. இதை வைத்துக்கொண்டு அத்தையும் நானும் ஊருக்குப் போய்வந்தோம். அங்கே எந்த அலுவலகத்தில் என்ன கிடைத்தது என்பதை, இதே தேடலில் இருக்கும் மலேசியத் தமிழர்களுக்காக எழுதுகிறேன்.

தென்னாப்பிரிக்காவிலும் மொரீசியஸிலும் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. அங்கே ஒப்பந்தக் கூலியாகப் போனவர்களின் ஊர், தாலுகா, தகப்பன் பெயர், வயது, உடம்பில் உள்ள தழும்பு வரை பதிவாகியிருக்கிறது. 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்குப் போன 1,52,184 பேரின் கப்பல் பட்டியலை இன்றைக்கும் தேடிப் பார்க்கலாம். மலாயாவில் ஒப்பந்த முறை 1910இல் முடிவுக்கு வந்தது. அதற்குப் பிறகு வந்தவர்களில் பெரும்பாலோர் கங்காணி (தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரி) அழைத்துவந்தவர்கள். நாகப்பட்டினத்துக்கு அருகே பாப்பாகோவில் முகாமிலோ சென்னைக்கு அருகே ஆவடி முகாமிலோ தங்கவைத்து, தோட்ட முதலாளிகள் கட்டிய நிதியிலிருந்து டிக்கெட் எடுத்துக் கப்பலேற்றினார்கள். அந்த வழியில் வந்த ஓர் ஆளின் பெயரைச் சொல்லி அவர் ஊரைக் கண்டுபிடிப்பது மிகவும் கடினம். அதனால் தேடலை ஊர்ப்பக்கத்திலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

கிளம்புவதற்கு முன் வம்சாவளி தேடித் தருவதாகச் சொன்ன ஒரு நிறுவனத்துக்குப் பணம் கட்டினோம். வந்தது நாங்களே கொடுத்த பெயர்களைப் பெட்டி பெட்டியாக வரைந்த ஒரு படம். முன்பணம் கேட்பவர்களிடம், எந்த அலுவலகத்தில் எந்தப் பதிவேட்டைப் பார்ப்பீர்கள் என்று முதலில் கேளுங்கள். அதற்குப் பதில் சொல்லத் தெரியாதவரிடம் காசு கொடுக்காதீர்கள்.

எங்களுக்கு வழி திறந்தது குலதெய்வம். கொள்ளுப்பாட்டி லயத்து வீட்டில் மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமிக்கென்று வைப்பாராம். சாமியின் பெயரும் 'நன்னிலம் பக்கம்' என்பதும் அத்தை நினைவில் இருந்தன. நன்னிலத்தில் இறங்கி, அந்தப் பெயரில் எந்தெந்த ஊரில் கோயில் இருக்கிறது என்று பூக்கடையிலும் ஆட்டோ நிறுத்தத்திலும் கேட்டுக் கேட்டே ஊரைப் பிடித்தோம். ஆண்டுப் படையலுக்குப் பங்காளிகள் கூடும் நாள் எது என்று பூசாரியிடம் விசாரித்து, அந்த நாளில் திரும்பப் போனோம். வெளியூரில் இருக்கும் தலைக்கட்டுகள் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கிற நாள் அது. ஒரு பெரியவர், தன் பாட்டனாருடைய தம்பி பெண்டாட்டியோடு 'பினாங்குக்குப் போனார், திரும்பி வரவே இல்லை' என்றார். சான்றிதழில் கிராணி எழுதியிருந்த பெயரை அத்தை படித்ததும், அவர் அதைத் திருத்தி முழுப்பெயராகச் சொன்னார். அத்தை அழுதுவிட்டார்.

அப்புறம்தான் காகித வேலை. இந்தப் பக்கத்து ஊர்களைத் தேடுபவர்கள் ஜில்லா மாறிய கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நன்னிலம் 1991 வரை தஞ்சாவூரில் இருந்தது, பிறகு நாகப்பட்டினம், 1997 முதல் திருவாரூர். இன்றைய பட்டாவை இணையத்தில் பார்க்கத் திருவாரூர் என்று தட்ட வேண்டும், பழைய ஆவணத்தில் தஞ்சாவூர் ஜில்லா என்றுதான் இருக்கும். சர்வே எண்ணும் அப்படித்தான். நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்க 1979 முதல் 1987 வரை நடந்த யூ.டி.ஆர். திட்டத்தில் பல இடங்களில் உட்பிரிவுகள் மாறியிருக்கின்றன. கிராமத்தின் அ-பதிவேட்டில் (ஊரின் அடிப்படை நிலக் கணக்கில்) பழைய புல எண்ணுக்கு ஒரு கலம் இருக்கிறது, அதை வைத்துத்தான் பழையதையும் புதியதையும் பொருத்த வேண்டும். ஊர்க் கணக்கைப் பார்த்துவந்த பரம்பரைக் கர்ணம், மணியம் பதவிகள் 1980இல் ஒழிக்கப்பட்டதால், இன்றைய வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்) பெரும்பாலும் வேறு ஊர்க்காரராக இருப்பார். பழைய கதையை அவரிடம் எதிர்பார்க்க முடியாது. ஆனால் நாங்கள் பார்த்தவர் பொறுமையாகப் பதிவேட்டை எடுத்துவைத்துக் காட்டினார். அவர் சொன்ன ஒரு யோசனைக்கு ஆயுசுக்கும் கடன்பட்டிருக்கிறேன்: "எந்த வீட்டுக்குப் போனாலும், நிலம் கேட்டு வரலைன்னு முதல்ல சொல்லிடுங்க மேடம்."

கொள்ளுத்தாத்தாவின் பெயரில் பட்டா எதுவும் இல்லை. அவர் குத்தகைக்கு உழுதவர். பட்டா, வரி எல்லாம் மிராசுதார் பெயரில் ஓடும், உழுதவன் பெயர் எந்தக் கணக்கிலும் ஏறாது. குத்தகைதாரர் உரிமையைப் பதிவு செய்யும் சட்டமே 1969இல்தான் வந்தது. இந்த ஜில்லாவில் தலைமுறை தலைமுறையாக உழுதுவிட்டு ஒரு வரிகூட இல்லாமல் போன குடும்பங்கள் ஏராளம். இது எனக்கு ஆறவே இல்லை.

படையல் அன்று அந்தப் பெரியவர் வீட்டு அம்மா அத்தையிடம் கேட்டார்: "அது சரி அக்கா, உங்க பாட்டியை எந்த ஊர்லேருந்து பொண்ணு எடுத்தாங்க, தெரியுமா?" எங்களுக்குத் தெரியவில்லை. அவர்களே நாலு பேரிடம் விசாரித்து, ஆற்றுக்கு அக்கரையில் இருந்த ஊரைச் சொன்னார்கள். குடும்ப வரலாறு தேடுகிற எல்லாரும் இந்தக் கேள்வியை முதல் நாளே கேட்க வேண்டும் என்பேன். வந்த வீட்டில் கொள்ளுப்பாட்டி 'இன்னார் பெண்டாட்டி' மட்டும்தான். பிறந்த வீட்டில்தான் அவருக்கென்று பெயர், அண்ணன் தம்பி, விளையாடிய தெரு எல்லாம் உண்டு.

அந்த ஊரில் கொள்ளுப்பாட்டியின் தம்பி வழிப் பேரன் ஒருவர் இருந்தார். மலாயா போன தன் அத்தைக்கு, அதாவது எங்கள் கொள்ளுப்பாட்டிக்கு, மஞ்சள்காணியாக (கல்யாணத்தில் பெண்ணுக்குத் தரும் சீதன நிலமாக) ஒரு துண்டு நிலம் கொடுத்திருந்ததாகவும், அதை அவர் விற்றுவிட்டுப் போனதாகவும் அவருடைய அப்பா சொல்வாராம். அந்த வாய்ச்சொல்லை எடுத்துக்கொண்டு சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போனோம்.

இங்கே கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி நிலப் பத்திரங்களுக்கு இரண்டு அட்டவணைகள் வைத்திருக்க வேண்டும். ஒன்று எழுதிக்கொடுத்தவர், எழுதிவாங்கியவர் பெயர்வாரியாக, இன்னொன்று சொத்துவாரியாக. சர்வே எண் தெரியாவிட்டாலும் பெயரும் ஊரும் இருந்தால் தேடச் சொல்லி மனுக் கொடுக்கலாம். இணையத்தில் வில்லங்கம் (ஒரு சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்) பார்ப்பது எளிதுதான், ஆனால் கணினியில் ஏற்றாத பழைய காலத்துக்கு நேரில் போய்த்தான் ஆகவேண்டும். எத்தனை ஆண்டுக்குத் தேடுகிறார்களோ அதற்கேற்பக் கட்டணம். அதனால் காலத்தைச் சுருக்கிக்கொண்டு போங்கள். நாங்கள் 1920களை மட்டும் கேட்டோம். இணையக் கணக்குக்கு ஓ.டி.பி. வர உள்ளூர்க் கைபேசி எண் வேண்டியிருந்தது, பெரியவரின் மகன் தன் எண்ணைக் கொடுத்து உதவினார். வெளியே உட்கார்ந்திருந்த வயதான ஆவண எழுத்தர் மனுவை எழுதிக்கொடுத்தார். பழைய பத்திரத்தின் கூட்டெழுத்தைப் படித்துச் சொன்னதும் அவர்தான். அந்த எழுத்து நம்மில் பலருக்குப் படிக்க வராது.

கிடைத்தது. எழுதிக்கொடுத்தவர் வரிசையில் கொள்ளுப்பாட்டியின் பெயர், தகப்பனார் பெயர், புருஷன் பெயர், இரண்டு ஊரின் பெயர். புருஷனின் கைமாற்றுக் கடனை அடைக்க நிலத்தைக் கிரயம் செய்வதாகப் பத்திரம் சொன்னது. கப்பல் டிக்கெட் இனாம்தான். ஆனால் கடனோடு ஊரைவிட்டுக் கிளம்ப முடியாதே. அந்தக் கடனை அடைத்தது அவருடைய நிலம்.

நகலில் கைநாட்டைப் பார்க்க முடியவில்லை. அசல், வாங்கியவர் குடும்பத்திடம் மூலப்பத்திரமாக இருக்கக்கூடும் என்றார் ஆவண எழுத்தர். மறுபடி விற்கும்போது கேட்பார்கள் என்பதால் மூலப்பத்திரத்தை யாரும் தூக்கிப்போட மாட்டார்கள். அந்த வீட்டில் முதலில் திண்ணையைத் தாண்டி உள்ளே விடவில்லை. வி.ஏ.ஓ. சொன்ன வாக்கியத்தை அத்தை சொன்னார், கூட வந்த பேரனும் சொன்னார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு வீட்டுக்காரர் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்துவந்தார். முத்திரைத்தாள் பழுப்பேறி, மடித்த இடத்தில் விட்டுப்போய், பின்னால் வெள்ளைக் காகிதம் ஒட்டியிருந்தது. பின்பக்கத்தில் சார்பதிவாளரின் குறிப்புக்குக் கீழே இரண்டு பெருவிரல் ரேகைகள். கொள்ளுப்பாட்டியுடையது மை தீர அழுந்தி, நடுவில் குறுக்கே ஒரு வெட்டுத் தழும்போடு இருந்தது. கருக்கரிவாள் பட்டதாக இருக்கும் என்றார் அத்தை. அவருடைய படம் ஒன்றுகூட எங்களிடம் கிடையாது. படம் எடுத்துக்கொள்ள அவர்கள் தடை சொல்லவில்லை, காப்பி குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்றார்கள்.

திரும்பும் வழியில் சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கும் போனேன். தனி ஆளைத் தேடுவதற்கு அது தோதான இடமில்லை. அந்தக் காலத்துத் தோட்ட வாழ்க்கை எப்படி இருந்தது என்று புரிந்துகொள்ள அரசாணைகளும் ஆண்டறிக்கைகளும் உதவும். 1920களின் கடைசியில் தோட்டங்களில் நாள்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. மஞ்சள்காணியை விற்றுவிட்டு வந்தவர் அந்த 40 காசுக்குத்தான் விடியுமுன் எழுந்து மரம் வெட்டினார். வெளிநாட்டவர்கள் அனுமதி விவரத்தை முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போவது நல்லது.

படையல் அன்று பங்காளிகள் எங்களிடம் கேட்ட முதல் கேள்வி, கொள்ளுத்தாத்தா எப்போது இறந்தார் என்பது. ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதை போடப் பிடித்துப் போனார்கள், வரவில்லை என்று சொன்னோம். அந்தப் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. அங்கே செத்த ஆயிரமாயிரம் தமிழர்களில் பெரும்பாலோருக்கு இறந்த நாளும் தெரியாது, பெயர் சொல்லும் கல்லும் இல்லை. நாள் தெரியாதவர்களுக்கு மகாளய அமாவாசையில் திதி கொடுக்கலாம் என்று பெரியவர் சொன்னார். இந்தப் புரட்டாசியில் ஈப்போவிலும் அந்த ஊரிலும் ஒரே நாளில் கொடுப்பதாகப் பேசியிருக்கிறோம்.

அடுத்துத் தேட வேண்டியது தோட்டத்துச் செக்ரோல், அதாவது தொழிலாளர்களின் வேலைநாள், கூலிப் பதிவேடு. கொள்ளுப்பாட்டி தனி ஆளாகப் பிள்ளைகளை வளர்த்த வருஷங்கள் அதில் இருக்கக்கூடும். தோட்டம் கைமாறி, துண்டுபோட்டு விற்கப்பட்டு, இப்போது செம்பனையாகிவிட்டது. பேராக்கில் பழைய தோட்ட அலுவலகங்களில் கிராணி வேலை பார்த்தவர்களின் பிள்ளைகளோ பேரர்களோ இதைப் படித்தால், வீட்டில் அப்படிப்பட்ட பேரேடு ஏதாவது கிடக்கிறதா என்று கொஞ்சம் பாருங்கள். கிடைத்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.