தொடக்கப் பள்ளியில் மேக்கர் ஸ்பேஸ்: கிட் பெட்டியா, அட்டைப் பெட்டியா?

ஒன்று முதல் ஐந்து வரை மட்டுமே உள்ள பள்ளியில் மேக்கர் ஸ்பேஸ், அதாவது பிள்ளைகள் தங்கள் கையாலேயே பொருள்களைச் செய்து பார்க்கும் அறை, தொடங்க நினைப்பவர்களுக்கு முதலில் ஒரு செய்தி. நம் பிள்ளைகளுக்கென்று பெரிய திட்டம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம். நிதி ஆயோக் 2016இல் தொடங்கிய அடல் டிங்கரிங் லேப் திட்டத்தில் ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை மானியம் உண்டு, ஆனால் அது ஆறாம் வகுப்பிலிருந்துதான். அறிவியல், கணிதச் சோதனைகளுக்காகத் தமிழ்நாடு அரசு 2022இல் கொண்டுவந்த வானவில் மன்றமும் ஆறு முதல் எட்டு வரைக்கானது. எட்டு வயதில் கையை அடக்கி வைத்துவிட்டு பதினோரு வயதில் "செய்து பார்" என்றால் எப்படி? சரி, அந்தக் கோபம் இருக்கட்டும்.

எங்கள் பள்ளியின் முன்னாள் மாணவர்கள் சிலர் கொஞ்சம் பணம் தர முன்வந்தபோது இரண்டு வழிகள் தெரிந்தன. ஒன்று, ஒரு நிறுவனமே வந்து ரோபோட்டிக்ஸ் லேப் அமைத்துக் கொடுப்பது. கிட் பெட்டிகள் (மாடல் செய்யத் தேவையான துண்டுகள் எல்லாம் அடுக்கிய தொகுப்பு), டேப்லெட்டுகள், வாரம் ஒருமுறை பயிற்றுநர், எல்லாம் ஒப்பந்தத்தில் வந்துவிடும். இன்னொன்று, காலியாக இருந்த ஒரு வகுப்பறையில் அட்டை, கத்தரிக்கோல், பசை, சின்ன மோட்டார், எல்.இ.டி., பழைய சாமான்கள் என்று நாமே சேர்ப்பது. நாங்கள் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தோம். அதனால் நான் எந்தப் பக்கம் சாய்ந்து எழுதுகிறேன் என்பதில் ஒளிவுமறைவு இல்லை.

எல்லாருக்கும் தெரிந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிட் பார்க்க அழகு. சேர்க்கை நேரத்தில் பெற்றோரிடம் காட்டலாம். பாடம் வரிசையாக அச்சிட்டே வருவதால் ஆசிரியருக்குப் பயம் குறைவு. அட்டைக்குச் செலவு குறைவு, குப்பை அதிகம். அகஸ்தியா போன்ற அமைப்புகளின் நடமாடும் அறிவியல் வண்டி மூன்றாவது வழி. வந்தால் கட்டாயம் வரவேற்க வேண்டும், ஆனால் போன பிறகு பிள்ளை கையில் வேலை இருக்காது. எனவே அதை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.

முடிவு செய்ய வைத்தது விலை அல்ல, பராமரிப்பு. தீர்ந்ததையும் தொலைந்ததையும் யார், எந்தப் பணத்தில், எத்தனை நாளில் திரும்ப வைப்பது என்ற கேள்வி.

கிட் பெட்டியில் ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் இடம் உண்டு. நாலு பிள்ளைக்கு ஒரு பெட்டி என்று கொடுத்தால் ஒரு பல்சக்கரம் யாரோ ஒருவர் பையில் போய்விடும், வேண்டுமென்றே கூட இல்லை. அந்த ஒரு சக்கரம் இல்லாவிட்டால் புத்தகத்தில் உள்ள மாடல் நிற்காது. சில நிறுவனங்கள் தனித் துண்டு விற்பதில்லை, முழுத் தொகுப்பாகத்தான் வாங்க வேண்டும். அதனால் பீரியட் முடியும் நேரம் துண்டுகளை எண்ணி அடுக்குவதிலேயே போகிறது. ரீசார்ஜ் பேட்டரி சில ஆண்டுகளில் தளர்ந்துவிடும். டேப்லெட் பழசானால் ஆப் திறக்காது. எங்கள் பக்கத்தில் ஒரு பள்ளியில் ஒப்பந்தக் காலம் முடிந்ததும் புதுப்பிக்கப் பணம் இல்லை, பயிற்றுநர் வருவது நின்றது, பெட்டிகள் பீரோவுக்குள் போயின. சாவி தலைமையாசிரியரிடம் பத்திரமாக இருக்கிறது.

பெரிய பெயர்களை நம்பினாலும் இதே கதைதான். லெகோவின் ரோபோ கிட்டான மைண்ட்ஸ்டார்ம்ஸ் 1998இல் வந்து உலகம் முழுக்கப் பள்ளிகளில் ஓடியது. 2022 இறுதியோடு அந்த வரிசையை நிறுத்திவிட்டார்கள். காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் மின்னணுத் துண்டுகளை விற்ற லிட்டில்பிட்ஸ் நிறுவனத்தை 2019இல் ஸ்பீரோ என்ற ரோபோ நிறுவனம் வாங்கிக்கொண்டது. அவர்கள் வியாபாரம், அவர்கள் முடிவு, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நம் பள்ளியின் திட்டம் இன்னொருவர் வியாபார முடிவில் தொங்கக் கூடாது.

இதோடு சேர்ந்த இன்னொன்று: கிட்டில் செய்ததைப் பிரித்தே ஆக வேண்டும், அடுத்த செக்‌ஷனுக்கு அதே துண்டுகள் தேவை. அட்டையில் செய்த வண்டி வீட்டுக்குப் போகிறது. பாட்டி பார்க்கிறார், தம்பி உடைக்கிறான், மறுநாள் "டீச்சர், இந்த அச்சு நிக்கல" என்று அது திரும்பி வருகிறது. மேக்கர் ஸ்பேஸ் எதற்கு என்று கேட்டால் அந்த இரண்டாவது வருகைக்குத்தான் என்பேன்.

அட்டைக்குப் பராமரிப்பே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். நிறைய இருக்கிறது, ஆனால் அது பணமாக இல்லாமல் கைவேலையாக இருக்கிறது. மளிகைக் கடை அட்டைப்பெட்டியில் கரையான் வரும். ஐப்பசி மழைக்குக் காகிதம் எல்லாம் நமத்துப்போகும். அதனால் தரையில் எதுவும் வைப்பதில்லை, இரும்பு ரேக்கில்தான். சாமான் கொண்டுவரத் திங்கட்கிழமை மட்டும். கண்ணாடி, மருந்துப் புட்டி, எண்ணெய் பட்ட பெட்டி, தெர்மாகோல் எதுவும் உள்ளே வராது. தெர்மாகோல் உதிர்ந்தால் பெருக்குகிற அக்காவிடம் யார் பேச்சு வாங்குவது? பிரித்து அடுக்குவது ஐந்தாம் வகுப்பின் பொறுப்பு. தீர்ந்துபோவது பசை, டேப், பென்சில் செல், எல்.இ.டி., இவ்வளவுதான். செல்லும் டேப்பும் தெருமுனைக் கடையில் கிடைக்கும். எல்.இ.டி., மோட்டார் வகைகளைச் மின்னணுச் சாமான் கடைகள் நிறைந்த சென்னை ரிட்சி தெருவுக்குப் போகிற யாரிடமாவது சொல்லிவிட்டால் மொத்தமாக வாங்கி வருவார்கள். சில்லறைச் செலவு வவுச்சரிலேயே அடங்கிவிடுகிறது.

பாதுகாப்பில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. பட்டன் செல் அறைக்குள்ளேயே கிடையாது. விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரித்துவிடக்கூடியது அது. ஹோல்டரில் இரண்டு பென்சில் செல், 3 வோல்ட், அதுவே போதும். வெள்ளை எல்.இ.டி. அதில் நேரடியாக எரியும், சிவப்புக்கு மின்னோட்டத்தைக் குறைக்கும் 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்று சேர்க்க வேண்டும். பசையைச் சூடாக்கி ஒட்டும் க்ளூ கன் பெரியவர் உட்கார்ந்திருக்கும் மேசையில் மட்டும்.

என்ன செய்வது என்ற யோசனைக்குப் பஞ்சமில்லை. குப்பையிலிருந்து பொம்மை செய்யும் அரவிந்த் குப்தாவின் இணையதளம் இலவசம். சைக்கிள் வால்வ் ட்யூபும் தீக்குச்சியும் வைத்து அவர் காட்டும் முக்கோணமும் கனசதுரமும் மூன்றாம் வகுப்புக்கே போதும். முக்கோணம் அசையாமல் நிற்கும், சதுரம் சாயும். ஏன் என்று பிள்ளைகளே கேட்கிறார்கள்.

வளர்ப்பதிலும் வித்தியாசம் உண்டு. கிட்டில் ஒரு வகுப்பைச் சேர்த்தால் பெட்டிகள் கூட வேண்டும், அதாவது பணம். எங்களுக்கு இன்னொரு ஆள் வேண்டும். நாலாம் வகுப்பில் தொடங்கியபோது தச்சு வேலை செய்யும் ஓர் அப்பாவும் தையல் தெரிந்த ஓர் அம்மாவும் பள்ளி நேரத்தில் வந்து உட்கார்ந்தார்கள். கால அட்டவணையில் இரண்டு பீரியடைச் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். நாற்பது நிமிடத்தில் எடுத்துவைத்து, செய்து, பெருக்கி முடிக்க முடியாது.

கிட் ஜெயிக்கும் இடத்தையும் சொல்லியாக வேண்டும். ஆசிரியர் மாறினால் கிட்டின் பாடப் புத்தகம் அங்கேயே இருக்கும். எங்கள் அறை இப்போது ஆர்வமுள்ள இரண்டு ஆசிரியர்களை நம்பித்தான் ஓடுகிறது, அதற்கு மாற்று இன்னும் கண்டுபிடிக்கவில்லை. நிரல் எழுதுவதிலும் அட்டை மட்டும் போதாது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பிறந்த, பிள்ளைகள் நிரல் எழுதுவதற்கான ஸ்கிராட்ச் இலவசம், இணையம் இல்லாமலும் ஓடும், பழைய லேப்டாப் ஒன்று போதும். அதோடு, மின்சாரம் கடத்தும் எதையும் கணினி விசையாக்கும் மேக்கி மேக்கி பலகை ஒன்றை இணைத்தால் அலுமினியத் தாள் ஒட்டிய அட்டையே பியானோ ஆகிவிடும். ஆனால் இதை எங்களிடம் ஐந்தாம் வகுப்பில் சிலர்தான் தொட்டிருக்கிறார்கள், முழு வகுப்புக்கும் எடுபடுமா என்று அடித்துச் சொல்ல மாட்டேன். மைக்ரோபிட் என்ற, நிரல் எழுதி இயக்கும் சின்ன மின்னணுப் பலகையை பி.பி.சி. 2016இல் பிரிட்டனில் பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்குத்தான் கொடுத்தது. இரண்டாம் வகுப்புக்கு அதை வாங்கச் சொல்லி யாராவது வந்தால் யோசியுங்கள்.

கிட் பக்கமே மனம் போனால், கையெழுத்துப் போடும் முன் விற்பவரிடம் ஒரு பல்சக்கரத்தின் விலை என்ன, எத்தனை நாளில் வரும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மூன்றாம் ஆண்டு கட்டணத்தையும் அதே தாளில் எழுதச் சொல்லுங்கள். நாங்கள் அடுத்த ஆண்டு மூன்றாம் வகுப்பையும் சேர்க்கிறோம். வாங்கும் பட்டியலில் இருப்பது இடதுகைக் கத்தரிக்கோல் சில, இன்னொரு இரும்பு ரேக், கொஞ்சம் கரையான் மருந்து.