வாக்காளர் அடையாளச் சேவை: அட்டை நன்று, பட்டியல் சுமார், இரண்டு ரூபாய் விதி அருமை

வாக்காளர் புகைப்பட அடையாள அட்டை, அதற்கு விண்ணப்பிக்க உதவும் இணையதளம், வாக்களிக்கும் நாளில் நம்மை இன்னாரென்று உறுதிசெய்து உள்ளே விடும் நடைமுறை ஆகிய மூன்றையும் ஒரே சேவையாக எடுத்துக்கொண்டு, வரிசையில் நிற்கும் வாக்காளரின் பக்கத்திலிருந்து இந்த மதிப்புரையை எழுதுகிறேன். ‘ஓட்டர் ஐடி’ என்றதும் நம்மில் பலர் அட்டையை மட்டுமே நினைக்கிறோம். ஆனால் தகராறு வரும் இடம் அட்டை அல்ல. வாக்குச்சாவடிக்குள் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வெவ்வேறு கட்சிகளின் முகவர்கள் முன்னிலையில் நடக்கும் சரிபார்ப்புதான். ஆகவே முதல் இரண்டையும் சீக்கிரம் முடித்துவிட்டு, மூன்றாவதற்கு அதிக இடம் தருகிறேன்.

அட்டையின் வரலாறு பலர் நினைப்பதைவிடப் பழையது. 1960-இல் கல்கத்தா தென்மேற்கு மக்களவைத் தொகுதி இடைத்தேர்தலுக்காகப் புகைப்பட அட்டை வழங்கிப் பார்த்தார்கள். புகைப்படம் எடுத்துக்கொள்ளப் பெண்கள் பலர் மறுத்ததும், வீட்டில் ஆள் இல்லாததும் சேர்ந்து அந்த முயற்சியைக் கைவிட வைத்தன. 1993-இல் டி.என். சேஷன் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்தபோது பிறப்பித்த உத்தரவுதான் இன்று நம் கையிலிருக்கும் அட்டைக்கு அடிப்படை. அன்றைய கறுப்பு வெள்ளை அட்டையில் நம் முகத்தை நாமே தேட வேண்டியிருந்தது. இன்றைய பிளாஸ்டிக் அட்டையின் தரம் எவ்வளவோ மேல்.

விண்ணப்பிக்கும் முறையும் மேம்பட்டிருக்கிறது. புதிதாகப் பெயர் சேர்க்கப் படிவம் 6, திருத்தம், முகவரி மாற்றம், மாற்று அட்டை ஆகியவற்றுக்குப் படிவம் 8, பெயரை நீக்கவோ சேர்ப்பதை ஆட்சேபிக்கவோ படிவம் 7 என்று 2022 ஆகஸ்ட் முதல் படிவங்களைக் குறைத்துவிட்டார்கள். முன்பு ஜனவரி 1 அன்று 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். இப்போது ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் ஆகிய மாதங்களின் முதல் தேதி என ஆண்டுக்கு நான்கு தகுதி நாட்கள் உள்ளன. 17 வயது முடிந்தவர் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். 2021 ஜனவரி 25 முதல் மின்னணு அட்டையைத் தரவிறக்கிக்கொள்ளும் வசதியும் உண்டு. புதிதாகப் பெயர் சேர்க்கக் கட்டணம் கிடையாது. தெருமுனைக் கணினி மையத்தில் கொடுக்கும் பணம் தட்டச்சுக்கான கூலியே தவிர, ஆணையத்துக்கான கட்டணம் அல்ல.

மின்னணு அட்டையில் ஓர் எச்சரிக்கை தேவை. வாக்குச்சாவடிக்குள் கைப்பேசி கொண்டுபோக அனுமதியில்லை என்பதால், திரையில் காட்டிக்கொள்ளலாம் என்று நம்பிப் போகிறவர் வாசலிலேயே நின்றுவிடுவார். அச்சிட்டு எடுத்துச் செல்ல வேண்டும்.

அட்டை இல்லாதவருக்கான மாற்று ஆவணங்களின் பட்டியல் தாராளமானது. ஆதார், கடவுச்சீட்டு, ஓட்டுநர் உரிமம், பான் அட்டை, நூறு நாள் வேலை அட்டை, புகைப்படம் ஒட்டிய வங்கி அல்லது அஞ்சலகக் கணக்குப் புத்தகம், புகைப்படத்துடன் கூடிய ஓய்வூதிய ஆவணம், மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அட்டை என்று மொத்தம் 12 ஆவணங்கள் அதில் இருக்கின்றன. ஆனால் தமிழ்நாட்டில் எந்த வீட்டிலும் முதலில் கைக்கு எட்டுகிற ஆவணமான ரேஷன் ஸ்மார்ட் கார்டு அதில் இல்லை. கல்லூரி அடையாள அட்டையும் இல்லை. வீட்டுக்கு வந்து தருகிற பூத் ஸ்லிப்பை மட்டும் காட்டி வாக்களிக்கும் வசதியும் 2019 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. அந்தச் சீட்டு இப்போது நம் வரிசை எண்ணையும் சாவடியையும் தெரிவிக்க மட்டுமே பயன்படும். முதியவர்கள் பலர் இன்னும் அதையே அனுமதிச் சீட்டாக நினைத்து எடுத்து வருகிறார்கள்; சீட்டில் எச்சரிக்கை அச்சிட்டிருந்தாலும், கொண்டுவந்து கொடுப்பவர் வாய்விட்டுச் சொன்னால்தான் அது போய்ச் சேரும்.

இந்தச் சேவையின் பலவீனமான பகுதி பட்டியல். வாக்குரிமையைத் தருவது வாக்காளர் பட்டியலில் உள்ள பெயர்தான்; அந்தப் பெயருக்கு உரியவர் இவரே என்று காட்டுவதற்கு மேல் அட்டைக்கு வேலை இல்லை. பட்டியலில் பெயர் இல்லாதவர் எத்தனை அட்டைகளை நீட்டினாலும் வாக்களிக்க முடியாது. 2025-இல் தொடங்கிய, வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் (எஸ்.ஐ.ஆர்.) இந்த வேறுபாடு எல்லோருக்கும் உறைத்தது. பட்டியலில் இடம்பெறத் தகுதியைக் காட்டுவதற்கென்று பீகாரில் முதலில் அறிவிக்கப்பட்ட 11 ஆவணங்களில் ஆணையமே வழங்கிய அட்டைக்கு இடமில்லை. தன் கையெழுத்தைத் தானே ஏற்க மறுப்பது போன்ற இந்த நிலைப்பாட்டுக்கு, பட்டியலையே புதிதாகத் தயாரிக்கும்போது பழைய பட்டியலிலிருந்து பிறந்த அட்டையை ஆதாரமாகக் கொள்ள முடியாது என்று ஆணையம் விளக்கம் சொன்னது. தர்க்கம் சரியாக இருக்கலாம். அட்டையைப் பத்திரமாக வைத்திருந்தவருக்கு அது ஆறுதல் தராது. ஆதாரைப் பன்னிரண்டாவது ஆவணமாக, அடையாளத்துக்கு மட்டும், ஏற்கும்படி உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 8 அன்று உத்தரவிட வேண்டியிருந்தது.

தமிழ்நாட்டில் அந்தத் திருத்தத்துக்குப் பிறகு 2025 டிசம்பர் 19 அன்று வெளியான வரைவுப் பட்டியலில், முன்பிருந்த சுமார் 6.41 கோடிப் பெயர்களில் 97 லட்சத்துக்கும் மேற்பட்டவை இல்லை. இறந்தோர், இடம்பெயர்ந்தோர், இரட்டைப் பதிவு என்று காரணங்கள் கூறப்பட்டன. தி.மு.க. இந்தத் திருத்தத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றது, அ.தி.மு.க. ஆதரித்தது. மேடைகளில் ஒரு தரப்பு ‘வாக்குரிமைப் பறிப்பு’ என்றும், மறுதரப்பு ‘போலி வாக்காளர் ஒழிப்பு’ என்றும் முழங்கிக்கொண்டிருந்தபோது, தெருவில் வேறொன்று நடந்தது. திருத்தப் படிவத்தில் குறிப்பிட வேண்டிய 2002, 2005 பட்டியல்களில் தம் பெயரோ பெற்றோர் பெயரோ எங்கே இருக்கிறது என்று தெரியாமல் திகைத்தவர்களுக்கு, இரு தரப்பின் வாக்குச்சாவடி நிலை முகவர்களும் பழைய பட்டியலைப் புரட்டிப் பாகம் எண் கண்டுபிடித்துக் கொடுத்தார்கள். அரசு தரப்பில் இதற்கென உள்ள வாக்குச்சாவடி நிலை அலுவலர் (பி.எல்.ஓ.) ஒருவரால் ஆயிரம் பேருக்கு மேல் தனியாக ஓடியாடிச் செய்ய முடியாத வேலை அது. தங்கள் ஓட்டு விடுபட்டுவிடக் கூடாதென்ற சுயநலத்தில் செய்தார்கள் என்று சொல்லலாம். எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை.

இனி வாக்குச்சாவடி. உள்ளே நுழைந்ததும் முதல் வாக்குப்பதிவு அலுவலர் நம் வரிசை எண்ணையும் பெயரையும் உரக்கப் படிக்கிறார். பக்கத்தில் உள்ளவர்களுக்கெல்லாம் கேட்கும்படி ஏன் கத்த வேண்டும் என்று எரிச்சல்படுகிறவர்கள் உண்டு. உட்கார்ந்திருக்கும் முகவர்கள் காதில் விழ வேண்டும் என்பதற்காகவே அப்படிப் படிக்கப்படுகிறது. ஒவ்வொருவர் கையிலும் பட்டியல் நகல் இருக்கிறது. பெயரைக் கேட்டதும் முகத்தைப் பார்க்கிறார்கள். அந்தப் பெயருக்குரிய முகம் இதுவல்ல என்று அவர்களில் யாருக்காவது தோன்றினால் ஆட்சேபிக்கலாம். அட்டையைப் பார்க்கும் அலுவலர் பெரும்பாலும் வெளியூர்க்காரர். முகம் தெரிந்தவர்கள் முகவர்கள்தாம். ஆகவே அடையாளம் காணும் இந்த ஏற்பாடு முழுவதும், ஒருவரையொருவர் நம்பாத இரண்டு கட்சிக்காரர்கள் அந்த அறையில் இருக்கிறார்கள் என்ற எதிர்பார்ப்பின் மீதே நிற்கிறது. கட்சிக்காரர்களிடையே உள்ள பகையைச் சட்டம் ஒழிக்க நினைக்கவில்லை; அதை ஒரு மேசைக்கு முன்னால் உட்கார வைத்து வேலை வாங்குகிறது.

1961-ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தை விதிகள் இந்த ஆட்சேபத்துக்கு வகுத்துள்ள வழி, இச்சேவையின் மிகச் சிறந்த பகுதி என்பது என் கருத்து. ஆட்சேபிக்கும் முகவர் முதலில் இரண்டு ரூபாய் ரொக்கமாகக் கட்ட வேண்டும். வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் உடனே சுருக்கமாக விசாரிப்பார்: இவர் அவரல்ல என்பதற்கு என்ன ஆதாரம் என்று முதலில் முகவரிடம்தான் கேட்பார், பிறகே வாக்காளரிடம். முகவர் நிரூபிக்காவிட்டால் வாக்காளர் வாக்களிக்கலாம். ஆட்சேபம் வீம்புக்குச் செய்யப்பட்டது என்று தெரிந்தால் இரண்டு ரூபாய் பறிமுதலாகும். ஆள்மாறாட்டம் உறுதியானால் அந்த நபர் எழுத்துப்பூர்வமான புகாருடன் காவல்துறையிடம் ஒப்படைக்கப்படுவார். இன்றைய விலைவாசியில் இரண்டு ரூபாய் தேநீருக்குக்கூடக் காணாது. வீண் ஆட்சேபத்தைத் தடுக்கும் தொகையாக அது எப்போதோ செத்துவிட்டது. ஆனாலும் நிரூபிக்கும் பொறுப்பை ஆட்சேபிப்பவர் மீது வைத்திருப்பது சரியான முடிவு.

இந்த வழி எப்போது வேலை செய்கிறது, எப்போது செய்வதில்லை என்பதற்கு 2022 பிப்ரவரி 19 அன்று நடந்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் இரண்டு எடுத்துக்காட்டுகளைத் தந்தது. அந்தத் தேர்தலை நடத்தியது மாநிலத் தேர்தல் ஆணையம் என்றாலும், முகவர் முன்னிலையில் அடையாளம் காணும் முறை ஏறக்குறைய இதுவே. மதுரை மாவட்டம் மேலூரில், ஹிஜாப் அணிந்து வாக்களிக்க வந்த பெண்ணைக் குறித்து பா.ஜ.க. முகவர் ஆட்சேபம் எழுப்பினார். எதிரெதிராக நின்ற தி.மு.க., அ.தி.மு.க. முகவர்கள் இருவரும் அவரை எதிர்த்தார்கள். வாக்குப்பதிவு சிறிது நேரம் தடைபட்டது. ஆட்சேபித்தவரைக் காவலர்கள் வெளியேற்றிய பிறகு மீண்டும் தொடர்ந்தது. முகத்திரை அணிந்தவர்களைப் பெண் அலுவலர் தனியாகச் சரிபார்க்க வழி இருக்கிறது. அந்த முகவருக்கு அது போதவில்லை.

அதே நாளில் சென்னை ராயபுரத்தில், கள்ள ஓட்டுப் போட முயன்றதாகக் குற்றம்சாட்டி, அன்றைய ஆளுங்கட்சியான தி.மு.க.வைச் சேர்ந்த ஒருவரைச் சட்டையைக் கழற்றிக் கைகளைக் கட்டி அழைத்துச் சென்ற காணொளி பரவியது. அதில் இருந்த அ.தி.மு.க. முன்னாள் அமைச்சர் டி. ஜெயக்குமார் இரண்டு நாள் கழித்துக் கைது செய்யப்பட்டு, பின்னர் பிணையில் வந்தார். குற்றச்சாட்டு உண்மையா என்பது வேறு விஷயம். உள்ளே இரண்டு ரூபாயில் முடிய வேண்டிய ஒரு கேள்வி தெருவுக்கு வந்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்தக் காணொளியைவிடத் தெளிவான விளக்கம் வேண்டியதில்லை.

இதைவிட மோசமானது, ஒரு தரப்பு முகவரே இல்லாத சாவடி. 2006 சென்னை மாநகராட்சித் தேர்தலில் வன்முறையும் கள்ள ஓட்டும் நடந்ததாக எழுந்த புகார்கள் உயர் நீதிமன்றம் வரை சென்றன. அத்தகைய புகார்களில் திரும்பத் திரும்ப வருவது ‘எங்கள் ஏஜெண்டை உட்கார விடவில்லை’ என்ற வரி. மறுப்பவர் இல்லாத அறையில் எந்த அட்டையையும் காட்டலாம், காட்டாமலும் இருக்கலாம். முகவர் அதே சாவடிப் பகுதியையோ பக்கத்துச் சாவடிப் பகுதியையோ சேர்ந்தவராக இருக்க வேண்டும் என்றிருந்த விதியை 2021-இல் ஆணையம் தளர்த்தி, அப்படி ஆள் கிடைக்காவிட்டால் அதே சட்டமன்றத் தொகுதியின் எந்த வாக்காளரையும் அமர்த்தலாம் என்றது. மிரட்டலுக்கு அஞ்சி உள்ளூரில் ஆள் கிடைக்காத கட்சிகளுக்கு இது உதவும். ஆனால் முகம் தெரியாத முகவரால் பயன் பாதிதான்.

பகை சாவடிக்கு வெளியே சாதியோடு சேரும்போது இந்தச் சேவை கைவிரித்துவிடுகிறது. 2019 ஏப்ரல் 18, மக்களவைத் தேர்தல் நாளன்று, சிதம்பரம் தொகுதிக்குட்பட்ட பொன்பரப்பியில் விடுதலைச் சிறுத்தைகள் கட்சியின் பானைச் சின்னத்தை முன்வைத்து எழுந்த மோதலில் பட்டியலின மக்களின் வீடுகள் தாக்கப்பட்டன. வீட்டை விட்டு வெளியே வர அஞ்சுகிறவருக்கு அட்டையால் ஆவது ஒன்றுமில்லை.

கடைசியாக, தேர்தலுக்குத் தேர்தல் வாட்ஸ்அப்பில் சுற்றும் ஒரு தகவலைப் பற்றி. பட்டியலில் பெயர் இல்லாவிட்டாலும் ஆதாரைக் காட்டி ‘சேலஞ்ச் ஓட்டு’ போடலாம் என்றும், 14 சதவீதத்துக்கு மேல் ‘டெண்டர் ஓட்டு’ பதிவானால் மறுவாக்குப்பதிவு நடக்கும் என்றும் அது சொல்கிறது. இரண்டும் பொய். பெயர் பட்டியலில் இருந்து, உங்களுக்கு முன்பே வேறொருவர் உங்கள் ஓட்டைப் போட்டுவிட்டிருந்தால், 49-பி (49P) விதியின்கீழ் ஆய்வுக்குரிய வாக்கை, அதாவது ‘டெண்டர் ஓட்டை’, நீங்கள் அளிக்கலாம் என்பது மட்டுமே உண்மை. அது இயந்திரத்தில் அல்லாமல் தாள் வாக்குச்சீட்டில் பதிவாகும். தனி உறையில் வைக்கப்படும். வழக்கமான எண்ணிக்கையில் சேராது. நீதிமன்றம் கேட்டால்தான் திறக்கப்படும். ராஜஸ்தானின் நாத்துவாரா தொகுதியில் 2008-இல் காங்கிரஸ் வேட்பாளர் சி.பி. ஜோஷி ஒரே ஒரு வாக்கில் தோற்றதை நினைவில் வைத்தால், அந்த உறையை வீணென்று ஒதுக்க மனம் வராது. அப்படி ஒரு நிலை வந்தால் முகவர்களோடு சண்டைக்கு நிற்காமல், விரலில் மை இல்லாததைக் காட்டி, அந்தச் சீட்டைத் தலைமை அலுவலரிடம் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். தாமாக எடுத்துக் கொடுப்பார்கள் என்று காத்திருக்க வேண்டாம்.