பெய்ஸ்லி நெசவாளர் வம்சாவளி: 640 பவுண்டு ஏமாந்த கதை, தயவுசெய்து படியுங்கள்

640 பவுண்டு போய்விட்டது. முதலில் 160, அப்புறம் 480. நேற்று சாயங்காலம் வங்கியும் கையை விரித்துவிட்டதால் இதை எழுதுகிறேன். ஸ்காட்லாந்தில் இருப்பவர்கள், குறிப்பாக இங்கே சம்பந்தம் வைத்துக்கொண்டவர்கள், இதைப் படித்து ஒருவராவது தப்பித்தால் போதும்.

என் கணவர் இந்த ஊர்க்காரர். அவருடைய அம்மாவை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கும் அது பழகிவிட்டது. எனக்கு அனுப்பும் வாழ்த்து அட்டையில்கூட ஆங்கில எழுத்தில் 'அத்தை' என்றுதான் கையெழுத்துப் போடுவார். போன மாதம் அவருக்கு 80 முடிந்தது. அவருடைய அப்பா வழி முன்னோர்கள் பெய்ஸ்லியில் கைத்தறி நெய்தவர்கள். கிளாஸ்கோவுக்குப் பக்கத்தில் இருக்கிற ஊர். நம் சேலையில் வரும் மாங்காய் புட்டாவை வெளிநாட்டில் 'பெய்ஸ்லி' என்று சொல்கிறார்களே, அந்தப் பெயரே இந்த ஊரால் வந்ததுதான். காஷ்மீர் சால்வையைப் பார்த்து இங்கே நெய்ய ஆரம்பித்து, 19ஆம் நூற்றாண்டில் பல தலைமுறை அந்தச் சால்வையால் பிழைத்தது. அத்தைக்கு அதில் அவ்வளவு பெருமை. ஆனால் தன் தாத்தாவுக்கு மேலே யார், எங்கிருந்து வந்தார்கள் என்று அவருக்கு எதுவும் தெரியாது. "நான் கண்ணை மூடுவதற்குள் தெரிந்தால் நன்றாக இருக்கும்" என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

என் தாத்தாவும் சென்னிமலையில் தறி போட்டவர். பாட்டி திண்ணையில் உட்கார்ந்து தறிக்கான நூலைக் குச்சியில் தார் சுற்றியதை நான் பார்த்து வளர்ந்தவள். அதனால் அத்தையின் ஆசை எனக்கு நன்றாகவே புரிந்தது. பிறந்தநாள் பரிசாக இதையே கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். வேலைக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே என்னால் ஆவணக் காப்பகம் ஏறி இறங்க முடியாது. ஆள் வைத்துக்கொள்ளலாம் என்று தேடினேன். வம்சாவளி தேடித் தருகிறவர்களை நட்சத்திர மதிப்பீட்டோடு வரிசையாகக் காட்டும் இணையதளங்கள் இருக்கின்றன. அப்படி ஒன்றில்தான் அந்த ஆளைப் பிடித்தேன். முகப்புப் படத்தில் முகம் இல்லை, ஒரு பழைய மரத்தறி. அதைப் பார்த்துத்தான் அழுத்தினேன்.

வீடியோ அழைப்பில் நாற்பது நிமிடம் பேசினார். பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பிரபுக்கள் குடும்பத்தில் எல்லாம் தனக்கு ஆர்வம் கிடையாது, உழைத்துச் சாப்பிட்ட நெசவாளர்களைத்தான் தேடுகிறேன் என்றார். 1841 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தொழில் என்ற இடத்தில் 'எச்.எல்.டபிள்யூ.' என்று மூன்று எழுத்து மட்டும் இருக்கும், அது கைத்தறி நெசவாளர் என்பதன் சுருக்கம் என்றார். அந்தக் கணக்கெடுப்பில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தைந்தாகக் குறைத்துத்தான் எழுதினார்கள், 39 வயதுக்காரர் 35 என்று இருப்பார், பார்த்துப் பயந்துவிடக் கூடாது என்றார். எல்லாம் உண்மை, பிறகு நானே சரிபார்த்தேன். அடுத்து, அந்த வீடுகளில் பெண்களும் பிள்ளைகளும் உட்கார்ந்து நூலைக் குச்சியில் சுற்றிக் கொடுப்பார்கள் என்று சொன்னார். "எங்கள் பாட்டியும் அதையேதான் செய்தார், நாங்கள் அதைத் தார் என்போம்" என்றேன். ஒரு நொடி பேசாமல் இருந்துவிட்டு, "அப்படியானால் உங்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதே இல்லை, நீங்கள் தறிக்காரர் வீட்டுப் பெண்" என்றார்.

அந்த இடத்தில்தான் நான் விழுந்தேன். இந்த ஊருக்கு வந்து பதினோரு வருடத்தில் என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை. அன்று இரவே 160 பவுண்டு அனுப்பினேன். "தளத்தின் வழியாக அனுப்பினால் அவர்கள் கமிஷன் பிடித்துக்கொள்வார்கள், நேரே என் கணக்குக்கு அனுப்புங்கள்" என்றார். அனுப்பினேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு மின்னஞ்சல். பெரிய கண்டுபிடிப்பு கிடைத்திருக்கிறது, ஆனால் மூடி வைத்திருக்கும் பதிவுகளைத் திறக்கச் சிறப்பு அனுமதி வாங்க வேண்டும், இன்னும் 480 ஆகும் என்று. நான் தயங்கினேன். அப்போது அவர் எழுதினதை இன்னும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

பெய்ஸ்லிக்காரர்களுக்கு ஸ்மா ஷாட் கதை தெரியும். சால்வையின் வண்ண நூல்களையெல்லாம் பிடித்துக் கட்டுவதற்கு ஊடையில், அதாவது குறுக்கே, ஒரு மெல்லிய இழை ஓட்ட வேண்டும். அதுதான் ஸ்மா ஷாட். துணியில் அது கண்ணுக்கே தெரியாது. தெரியாத நூலுக்குக் கூலி கிடையாது என்று முதலாளிகள் சொல்லிவிட்டார்கள். அது இல்லாவிட்டால் சால்வையே நிற்காது. நெசவாளர்கள் தங்கள் காசைப் போட்டு நூல் வாங்கி ஓட்டினார்கள். பல காலம் போராடி, கடைசியில் 1856இல்தான் அதற்கும் கூலி உண்டு என்று முதலாளிகளை ஒத்துக்கொள்ள வைத்தார்கள். இன்றைக்கும் ஜூலை முதல் சனிக்கிழமை பெய்ஸ்லியில் முரசடித்து ஊர்வலம் போகிறார்கள். நானும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன்.

இந்தக் கதையை எடுத்து அந்த ஆள் எனக்கு எழுதினார்: "ஆராய்ச்சியும் ஸ்மா ஷாட் மாதிரிதான். உங்கள் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அதற்கும் கூலி உண்டு. ஒரு நெசவாளர் வீட்டுப் பெண் அதை மறுக்கமாட்டாள் என்று நம்புகிறேன்."

எனக்கு வெட்கமாகிவிட்டது, உடனே 480 அனுப்பினேன். கூலிக்காகத் தெருவில் நின்றவர்களின் கதையை வைத்தே என்னிடம் பணத்தைக் கறந்திருக்கிறார். மொத்தம் 640 பவுண்டு.

பிறந்தநாளுக்கு நான்கு நாள் முன்பு அறிக்கை வந்தது, 34 பக்கம். வழவழப்பான தாளில் குடும்ப மரம், மேலே ஒரு கேடயச் சின்னம். அத்தையின் தாத்தாவுக்குத் தாத்தா 1819இல் பெய்ஸ்லியில் பிறந்தவர், அவர் அம்மா ஒரு நிலப்பிரபு வீட்டுப் பெண், நெசவாளனைக் காதலித்து வந்துவிட்டவள் என்று கதை. கூடவே 1819ஆம் வருடத்துப் 'பிறப்புச் சான்றிதழ்', பூவேலை ஓரத்தோடு. குடும்ப மரத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுத்தோம். அத்தை அதை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராக விரலால் தொட்டுப் படித்தார். அழுதார். இப்போது அது அவர் வரவேற்பறையில் குளிர்காயும் கணப்புக்கு மேலே தொங்குகிறது.

பத்து நாள் கழித்து அத்தையின் ஒன்றுவிட்ட தம்பி, பரணிலிருந்து எடுத்தேன் என்று ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டு வந்தார். உள்ளே ஒரு பைபிள். தோல் அட்டை உதிர்ந்து, முதல் பக்கத்தில் மை பழுப்பேறிப் போய், கணவன், மனைவி, ஏழு பிள்ளைகளின் பெயர்கள், பிறந்த தேதிகள். கீழே வேறொரு கையெழுத்தில் அப்பா இறந்த தேதி, 1889 பிப்ரவரி. இவர்தான் அந்த 1819காரர். எனக்கு முதலில் உறுத்தியது மூத்த மகனின் பெயர். அந்தக் காலத்தில் இங்கேயும் நம் ஊர் மாதிரிதான், முதல் பையனுக்கு அப்பாவைப் பெற்ற தாத்தா பெயர், இரண்டாமவனுக்கு அம்மாவைப் பெற்ற தாத்தா பெயர். எல்லா வீட்டிலும் அப்படியே நடந்தது என்று சொல்ல முடியாது, பெரும்பாலும் நடந்தது. அறிக்கையில் இந்த 1819காரரின் அப்பா என்று இருந்த பெயர் ஏழு பிள்ளைகளில் ஒருவருக்குக்கூட இல்லை.

அன்று ராத்திரியே ஸ்காட்லாந்து அரசின் ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிள் தளத்தில் கணக்குத் திறந்தேன். பெயர்ப்பட்டியலில் தேடுவது இலவசம். பதிவின் பக்கத்தைப் பார்க்க ஒன்றரை பவுண்டு. 1889 இறப்புப் பதிவைத் திறந்தேன். இங்கே இறப்புப் பதிவில் அப்பா பெயர், அவர் தொழில், அம்மா பெயர், அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர் எல்லாம் இருக்கும். தகவல் சொன்ன மகன் அதே பக்கத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார், கோணலாக, அழுத்தி. அப்பா கைத்தறி நெசவாளர். அம்மாவின் பெயர் வேறு, பிறந்த வீட்டுப் பெயர் வேறு. நிலப்பிரபு வீட்டுக்கும் அந்தம்மாவுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இன்னொரு ஒன்றரை பவுண்டு போட்டு 1851 கணக்கெடுப்பைத் திறந்தேன். அவர் பிறந்தது பெய்ஸ்லியே இல்லை. மேற்கே சில மைல் தள்ளி இருக்கும் கில்பார்க்கன் என்ற நெசவு கிராமம். மனைவிக்கு எதிரே 'தார் சுற்றுபவர்' என்று இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. இதுதானே அத்தை கேட்டது!

மூன்று பவுண்டில் கிடைத்த உண்மை 640 பவுண்டு அறிக்கையில் இல்லை. யாரோ அதே பெயருடைய வேறொரு ஆளைப் பிடித்து ஒட்டிவிட்டார்கள். அந்த 1819 'சான்றிதழ்' சுத்தப் பொய். ஸ்காட்லாந்தில் அரசுப் பதிவு தொடங்கியதே 1855 ஜனவரி 1இல்தான். அதற்கு முன்னால் திருச்சபைகளின் ஞானஸ்நானப் பதிவேடுகள்தான் உண்டு. பிறப்புச் சான்றிதழ் என்று ஒன்று இருக்கவே முடியாது. 480 வாங்கிய 'மூடிய பதிவுகள்' கதையும் பொய். பிறப்பு 100 வருடம், திருமணம் 75, இறப்பு 50 கடந்துவிட்டால் யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம்.

அந்த ஆளுக்கு எழுதினேன். இரண்டு நாள் பதில் இல்லை. அப்புறம், "அந்தக் காலத்தில் பெயர்களை விதவிதமாக எழுதுவார்கள்" என்றார். எழுத்துக்கூட்டல் மாறலாம், அம்மாவே மாறுவாளா என்று கேட்டேன். "வம்சாவளி என்பது ஒரு விளக்கம்தான், உங்கள் விளக்கத்தை நான் மதிக்கிறேன்" என்றார். பணத்தைத் திருப்பிக் கேட்டதும் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, அடுத்த வாரம் பேசுகிறேன் என்றார். அடுத்த வாரம் கணக்கே இல்லை.

தளத்துக்கு எழுதினால், பணம் எங்கள் வழியாக வரவில்லை, நாங்கள் பொறுப்பில்லை என்று இரண்டு வரி. அந்த ஆளின் பெயர், விலாசம் கேட்டதற்கு, தனியுரிமை என்றார்கள். நட்சத்திரம் போட்டுக் காட்டும்போது இல்லாத தனியுரிமை! வங்கியில் மூன்று முறை ஃபோன், ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கதை. கடைசிப் பதில்: நீங்களாக அனுப்பிய பணம், பதிலுக்கு அறிக்கையும் வந்திருக்கிறது, இது உங்களுக்கும் விற்றவருக்கும் இடையிலான தகராறு. இங்கே உள்ளூர் நீதிமன்றமான ஷெரிஃப் கோர்ட்டில் 5000 பவுண்டு வரை எளிய முறையில் வழக்குப் போடலாம்தான். ஆனால் விலாசம் இல்லாமல் யார் மேல் போடுவது?

எப்படித் தப்பிப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். தளத்துக்கு வெளியே பணம் அனுப்பாதீர்கள், 100 பவுண்டுக்கு மேல் என்றால் கிரெடிட் கார்டில் கொடுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் பதிவின் அசல் பக்கப் படத்தைக் கேளுங்கள், தட்டச்சு செய்த சுருக்கத்தை ஏற்காதீர்கள். 1855க்கு முந்தைய 'பிறப்புச் சான்றிதழ்' என்றால் உடனே நிறுத்துங்கள். 'குடும்பச் சின்னம்' என்று கேடயம் கொடுத்தாலும் அப்படியே. ஸ்காட்லாந்தில் அந்தச் சின்னம் ஒரு தனி மனிதருக்குத்தான் சொந்தம், எடின்பரோவில் லார்ட் லயன் நீதிமன்றத்தில் பதிவாகியிருக்க வேண்டும். முதலில் வீட்டில் இருக்கும் பைபிளைத் தேடுங்கள், பிறகு இறப்புப் பதிவு.

அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை போகிறோம். கில்பார்க்கன் பக்கத்தை அச்செடுத்து வைத்திருக்கிறேன்.

இன்று காலை அந்தத் தளத்தைத் திறந்து பார்த்தேன். புதிய பெயரில் ஒரு கணக்கு, சேர்ந்து ஆறு நாள்தான் ஆகிறது. நெசவாளர் குடும்பங்கள்தான் சிறப்பு என்று போட்டிருக்கிறது. முன்பணம் 160 பவுண்டு. முகப்புப் படத்தில் அதே மரத்தறி.