வல்லை வெளியில் நின்ற மொறிஸ் மைனர்

வவுனியாவில் இருக்கிற கூட்டாளி போன மாதம் கேட்டான்: "மச்சான், சுன்னாகத்தில ஒரு பழைய மொறிஸ் மைனர் கார் விலைக்கு நிக்குது. நீ பதினொரு வருசமா வச்சிருக்கிறாய்தானே, எடுக்கலாமோ?" தொலைபேசியில் சொன்ன பதில் காணாதாம். ஆறுதலாக எழுதச் சொன்னான்.

1098 சிசி, நாலு கியர், எந்தச் சந்தியில் நிறுத்தினாலும் ஒரு வயதானவர் வந்து "எங்களிட்டையும் ஒண்டு நிண்டது" என்பார். இதெல்லாம் உனக்குத் தெரியும். இந்த நாட்டில் மைனருக்குச் சாமான் தேடுவதும் பெரிய வில்லங்கம் இல்லை. நான் சொல்ல வருவது பெற்றோல் கதை மட்டும்.

என்னுடையது கோப்பாயில் வெளிக்கிட்டால் நீர்வேலி, புத்தூர், ஆவரங்கால் எல்லாம் ராசா மாதிரிப் போகும். வல்லை வெளிக்குள் இறங்கினதும் இரண்டு தரம் விக்கும், இழுவை குறையும், நின்றுவிடும். ஒதுங்க ஒரு மர நிழல் இல்லாத இடம் பார்த்து. பத்து நிமிடம் பொறுத்தால் ஒன்றும் நடக்காததுபோல் ஸ்ரார்ட் வரும். பிறகு நெல்லியடியில் நிற்கும். எட்டு மாதம் இந்தக் கூத்து. பருத்தித்துறையில் மாமி, நாங்கள் வருகிறோம் என்றால் சோற்றை ஒரு மணித்தியாலம் பிந்தி வடிக்கப் பழகிவிட்டா.

சூடானால் நிற்குது, ஆறினால் ஓடுது என்றதும் ஆளுக்கொரு வைத்தியம். பெற்றோல் குழாய்க்குள் ஆவி கட்டுது என்றார்கள்; ஈரத் துணி சுற்றினேன். பொறிக்குக் கரண்டு குடுக்கிற கொயில் சூடேறுது என்றார்கள். கொயிலும் கொண்டென்சரும் மாற்றினேன். கராஜில் காபரேற்றரைப் பிரித்து, அளவுக்கு மேல் பெற்றோல் வராமல் அடைக்கிற ஊசியை மாற்றி, பெற்றோல் பம்புக்குள் கரண்டு தொடுகிற பொயின்ற்றும் மாற்றித் தந்தார்கள். எல்லாமாக 38,000 ரூபா. அடுத்த ஞாயிறு வல்லை வெளியில் அதே பாலத்துக்குக் கிட்ட நின்றேன்.

அங்கே நின்றுதான், செய்திருக்க வேண்டிய முதல் வேலையைக் கடைசியாகச் செய்தேன். காபரேற்றரில் பெற்றோல் தேங்குகிற மிதவைச் சட்டியின் மூடிக்கு மூன்று திருகாணிதான். கழற்றிப் பார்த்தால் உள்ளே காய்ந்து கிடக்கிறது. அப்படியென்றால் கரண்டுப் பிரச்சினை இல்லை, பெற்றோல் வந்து சேரவில்லை. அடுத்து பெற்றோல் தாங்கியின் மூடியைத் திறந்து காது வைத்தேன். காற்றுத் துளை அடைத்திருந்தால் 'உஸ்' என்று உள்ளே இழுக்கும்; அந்தச் சத்தம் இல்லை. பிறகு பம்ப்.

இந்த எஸ்.யூ. பெற்றோல் பம்பைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. எஞ்சினுக்குப் பின்னால் தகட்டுச் சுவரில் தொங்குகிற மின்சாரப் பம்ப், கறுப்பு மூடி. அது பேசும். திறப்பைத் திருப்பி, ஸ்ரார்ட் பண்ணாமல் கேள். டிக்-டிக்-டிக் என்று அடித்து, சட்டி நிரம்ப நிற்க வேண்டும். நிற்காமல் கடகடவென்று அடித்தால் தாங்கி வெறுமை, அல்லது வருகிற வழியில் காற்று இழுக்குது. சத்தமே இல்லையென்றால் பொயின்ற் கரிபிடித்திருக்கும். ஸ்பனர் பிடியால் ஒரு தட்டு. இழுத்து இழுத்து, மூச்சு முட்டின கிழவன் மாதிரி அடித்தால் தாங்கிப் பக்கம் அடைப்பு. என்னுடைய புது வாகனத்தில் ஒரு மஞ்சள் விளக்கு எரிகிறது, அதன் அர்த்தம் கேட்கவே காசு கட்ட வேண்டும். இந்தப் பம்ப் வாயைத் திறந்து சொல்கிறது. எட்டு மாதமாகச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது, கேட்க ஆளில்லை.

அன்று அது இழுத்து இழுத்து அடித்தது. தாங்கியிலிருந்து வருகிற குழாயைப் பம்பில் கழற்றி, டிக்கியில் கிடந்த சைக்கிள் பம்பால் பின்னோக்கி ஊதினேன். தாங்கிக்குள் குபுகுபு என்றது. பருத்தித்துறை வரை நிற்கவே இல்லை. மாமி இன்னும் அரிசி போடவில்லை.

தாங்கியைக் கழற்றிக் கவிட்டால் செம்மண் தோட்டத்துத் தண்ணீர் மாதிரி வந்தது. ஓடும்போது துருச் செதில் எல்லாம் உறிஞ்சு குழாயின் வாயில் ஒட்டும். நின்றால் உதிர்ந்து கீழே போகும். பத்து நிமிடத்தில் சுகமாகிற நோயின் சூட்சுமம் அதுதான். வெயிலுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. துரு பிடிக்க விட்டது நான். 2022 பெற்றோல் வரிசைக் காலத்தில், கியூஆர் பங்கீட்டுக்கு வாரம் 20 லீற்றர் என்றபோது அதை மற்ற வாகனத்துக்கு அடித்துக்கொண்டு, இதைக் கால் தாங்கியோடு ஒன்பது மாதம் கொட்டிலில் விட்டேன். வெறுமையாய் இருந்த முக்கால் பங்கும் ஈரக்காற்றில் ஊறியது.

ஆகவே காரில் பிழையில்லை என்று நியாயமாகச் சொல்ல வேண்டும். சொல்ல வாய் வரவில்லை. 90களில் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை போட்ட நேரம் ஐயாவின் ஒஸ்ரின் ஏ40 கார் ஒரு மிடறு பெற்றோலில் ஸ்ரார்ட் ஆகி, மிச்சத் தூரம் மண்ணெண்ணெயில் புகைத்துக்கொண்டு கொடிகாமம் போய் வந்தது. அதெல்லாம் குடித்து ஓடின சாதி, நல்ல பெற்றோலில் என்னை வெயிலில் நிறுத்தியதை நான் மறக்கப் போவதில்லை.

கூழாங்கல்லும் மண்ணெண்ணெயும் போட்டு முற்றத்தில் தாங்கியை உருட்டிக் கழுவினோம், பம்புக்கு முன் ஒரு கண்ணாடிப் பில்ரர். மூன்று மாதமாக நிற்கவில்லை.

சரி, எடுக்கலாமோ? எடுக்காதை, மச்சான். உனக்குப் பொறுமை கிடையாது. எனக்கும் கிடையாது, அது பிந்தித்தான் தெரிந்தது. சும்மா பார்க்கப் போனால், திறப்பைத் திருப்பிப் பம்பைக் கேட்டுவிட்டு வா. டிக்கித் தரைக்குக் கீழே குனிந்து தாங்கியையும் பார். விலையை எனக்கும் சொல்லு.

நாளைக்குப் பருத்தித்துறையில் கலியாணம். இப்போதுதான் போய்த் திறப்பைத் திருப்பிப் பார்த்தேன். எட்டுத் தரம் அடித்து நின்றது. நல்லது என்று திரும்ப, பத்து செக்கனில் இன்னொரு 'டிக்'. பிறகு இன்னொன்று. புது ஊசி ஒழுகுது போல. வான் பிடிக்கச் சொல்லி மனிசியிடம் சொல்ல வேண்டும்.