கொலராடோ கோஸ்டில்லா கவுண்டியில் 5 ஏக்கர் மனை: வாங்கும் முன் படியுங்கள்

தற்சார்பு வாழ்க்கைக்கு அமெரிக்காவில் மலிவாக நிலம் தேடினால் சீக்கிரமே கண்ணில் படுவது தெற்குக் கொலராடோவின் கோஸ்டில்லா கவுண்டி (கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் மாதிரி). 5 ஏக்கர் மனை, மாதத் தவணை, பின்னால் பிளாங்கா சிகரம் தெரிகிற படம். நானும் அதைப் பார்த்துத்தான் கிளம்பினேன். மூன்று நாள் சுற்றிவிட்டு வாங்காமல் திரும்பிவிட்டேன். காரணம் தண்ணீர்.

விற்பவர் "போர் போட்டுக்கலாம்" என்றார். போடலாம்தான், ஆனால் கொலராடோவில் 35 ஏக்கருக்குக் குறைந்த நிலத்துக்குப் பெரும்பாலும் கிடைப்பது வீட்டுக்குள் புழங்க மட்டுமான அனுமதி, அதாவது அந்தத் தண்ணீரில் சமைக்கலாம், குளிக்கலாம், வாசலில் ஒரு பாத்தி தக்காளிக்கு விடக்கூடாது, ஆட்டுக்கும் மாட்டுக்கும் வைக்கக்கூடாது. இதை அவர் கடைசிவரை சொல்லவே இல்லை, விதிகளை நானே தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, அவ்வளவு கோபம் வந்தது. சரி, மழைநீரைப் பிடிக்கலாமே என்றால் 2016-இல் வந்த சட்டப்படி ஒரு வீட்டுக்கு 2 பீப்பாய், இரண்டும் சேர்த்து 110 காலன், அதாவது சுமார் 416 லிட்டர். ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு காலன் என்கிற அவசரகாலக் கணக்கில் 4 பேருக்கு ஒரு மாதம்கூட வராது. அதுவும் பீப்பாய் நிரம்பினால்தானே, இந்தக் கவுண்டி இருக்கும் சான் லூயிஸ் பள்ளத்தாக்கில் ஆண்டு மழையே 200 மில்லிமீட்டரை ஒட்டித்தான்.

வெயில் அபாரம், சோலாருக்கு முழு மதிப்பெண் தருவேன். ஆனால் பள்ளத்தாக்கே 7,500 அடிக்கு மேல் இருப்பதால் உறைபனி இல்லாத காலம் சுமார் மூன்று மாதம்தான். உருளைக்கிழங்கும் பார்லியும் அந்தப் பக்கம் நன்றாக விளைகின்றன, பாசன உரிமை உள்ள நிலங்களில்.

அவசரகாலத்துக்கு? 2020 கணக்கெடுப்பில் மொத்த கவுண்டிக்கும் சுமார் 3,500 பேர்தான், நெரிசல் கிடையாது. ஆனால் பெரிய மருத்துவமனைக்குப் பக்கத்துக் கவுண்டியின் அலமோசாவுக்குப் போகவேண்டும். கிழக்கே மலையோரம் மரங்களோடு அழகான மனைகள் இருக்கின்றன, மனசு அங்கேதான் போகும், ஆனால் 2018-இல் ஸ்பிரிங் கிரீக் காட்டுத்தீ இந்தக் கவுண்டியிலும் பக்கத்து ஹுவர்ஃபானோவிலுமாக 1,00,000 ஏக்கருக்கு மேல் எரித்தது. அங்கே வாங்குகிறவர்கள் வீட்டைச் சுற்றி மரம் வெட்ட ஆகும் செலவையும், வெளியேற இரண்டாவது வழி உண்டா என்பதையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

எனக்குப் பிடித்தது இதே கவுண்டியின் சான் லூயிஸ் ஊர்தான். 1851-இல் குடியேறியவர்கள் மறு வருடமே வெட்டிய வாய்க்காலில் இன்றும் தண்ணீர் ஓடுகிறது, கொலராடோவிலேயே மிகப் பழைய நீர் உரிமை அதற்குத்தான். கரையோரம் நின்று பார்த்தபோது தற்சார்பு என்று நான் தேடியது இங்கே எப்போதோ நடந்துகொண்டிருக்கிறது என்று தோன்றியது. அப்படி வாய்க்கால் பங்கோடு 2 ஏக்கர் வந்தால் போதும், அந்த 5 ஏக்கர் காய்ந்த மனை எனக்கு வேண்டாம். ஊரில் இருவரிடம் சொல்லி வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.