எட்டு வயது காருக்கு எவ்வளவு காப்பீடு: தேர்டு பார்ட்டியா, ஃபுல் கவரா, பம்பர் டு பம்பரா?

திருமங்கலத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் என் மைத்துனர், காப்பீட்டுப் புதுப்பிப்பு அறிவிப்பைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, “மச்சான், எட்டு வருச வண்டிக்கு இன்னும் எதுக்கு ஃபுல் இன்சூரன்ஸ்? தேர்டு பார்ட்டி மட்டும் போட்டா போதாதா?” என்று கேட்டார். இந்தப் பக்கத்தில் பழைய கார் வைத்திருக்கும் பலரும் கேட்கும் கேள்விதான் இது. அவருடைய வண்டி 1,200 சிசி பெட்ரோல் கார். வாரத்தில் நான்கைந்து நாள் மதுரைக்கு வந்து போகிறது. மாதம் ஒருமுறை வீட்டில் உள்ள ஐந்து பேரையும் ஏற்றிக்கொண்டு திருச்செந்தூருக்கோ அழகர்கோவிலுக்கோ போகிறது. ஐந்து ஆண்டுகளுக்கு மேலாக க்ளெய்ம் எதுவும் வாங்காததால் 50 சதவீத நோ க்ளெய்ம் போனஸ், அதாவது பிரீமியத்தில் கிடைக்கும் கழிவு, சேர்ந்திருக்கிறது. வண்டியின் மதிப்பாக, அதாவது ஐடிவியாக, நிறுவனம் காட்டியிருந்த தொகை 2,40,000 ரூபாய்.

முதலில் பணக் கணக்கைப் பார்த்துவிடலாம். தேர்டு பார்ட்டி கட்டணத்தை அரசே நிர்ணயிப்பதால் எந்த நிறுவனத்திடம் போனாலும் அது ஒன்றுதான். 2022 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த பட்டியலின்படி 1,000 சிசிக்கு உட்பட்ட தனியார் காருக்கு 2,094 ரூபாய், 1,000 முதல் 1,500 சிசி வரை 3,416 ரூபாய், அதற்கு மேல் 7,897 ரூபாய். மைத்துனரின் வண்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்த்தால் ஏறத்தாழ 4,031 ரூபாய் ஆகிறது. ஃபுல் கவர் என்றால் இதோடு சொந்தச் சேதத்துக்கான, அதாவது நம் வண்டிக்கே வரும் சேதத்துக்கான, பிரீமியமும் சேரும்; அது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். கணக்குக்காக ஐடிவியில் 3 சதவீதம் என்று வைத்தால் 7,200 ரூபாய், அதில் போனஸால் பாதி கழிந்து 3,600, வரியோடு 4,248. ஆகவே இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மாதத்துக்கு 354 ரூபாய். இந்தப் பணம் எதை வாங்குகிறது என்பதுதான் கேள்வி.

தேர்டு பார்ட்டி மட்டும் என்றால், நம் வண்டியால் சாலையில் வேறொருவருக்கு உயிரிழப்போ காயமோ நேர்ந்தால் தீர்ப்பாயம் விதிக்கும் இழப்பீடு முழுவதையும் நிறுவனம் கொடுக்கும். அதற்கு உச்சவரம்பு கிடையாது. பிறர் சொத்துக்கு 7,50,000 ரூபாய் வரை கொடுக்கும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கியிருப்பது இந்தப் பகுதியைத்தான். இதுவும் இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் முதல் முறைக்கு 2,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். நம் வண்டி திருடு போனாலும், தீப்பிடித்தாலும், வெள்ளத்தில் மூழ்கினாலும் இந்தப் பாலிசியிலிருந்து ஒரு ரூபாய்கூட வராது. இவ்வளவும் மைத்துனருக்குத் தெரியும். “வண்டி போனா போகட்டும், இரண்டு லட்ச ரூபாய்தானே” என்பது அவர் வாதம். வண்டியை மட்டும் வைத்துப் பார்த்தால் அந்த வாதத்தில் நியாயம் உண்டு.

அவர் பார்க்கத் தவறியது வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவர்களை. தேர்டு பார்ட்டி மட்டும் உள்ள பாலிசியில், தனியார் காரில் இலவசமாகப் பயணம் செய்கிற மனைவியும் மாமியாரும் நண்பரும் அந்தக் காப்பீட்டின் பாதுகாப்புக்குள் வருவதில்லை. ஃபுல் கவர் என்று நாம் சொல்லும் பேக்கேஜ் பாலிசியில் அவர்களும் வருகிறார்கள். கட்டாயப் பாலிசிக்கும் பேக்கேஜ் பாலிசிக்கும் உள்ள இந்த வேறுபாட்டை உச்ச நீதிமன்றம் 2012இல் நேஷனல் இன்சூரன்ஸ் எதிர் பாலகிருஷ்ணன் வழக்கில் தெளிவாகவே எடுத்துச் சொல்லியிருக்கிறது. திருச்செந்தூர் போகும் வழியில் மைத்துனரின் கவனக்குறைவால் வண்டி கவிழ்ந்து பின்இருக்கையில் இருப்பவர்களுக்குப் பெரிய காயம் ஏற்பட்டால், அவர்களுக்கான இழப்பீட்டை யார் தருவது என்பதை அந்த 354 ரூபாய் தீர்மானித்துவிடுகிறது. பழைய வண்டிக்கும் பேக்கேஜ் பாலிசியே வேண்டும் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான். பம்பரும் பெயின்டும் அதற்குப் பிறகு வருபவை.

இரண்டாவது காரணம், திரும்பி வரும் வழி எளிதாக இல்லை என்பது. இந்த ஆண்டு தேர்டு பார்ட்டிக்கு இறங்கிவிட்டு அடுத்த ஆண்டு மனம் மாறினால், சொந்தச் சேதப் பாதுகாப்பு அறுபட்டு 90 நாள் கடந்திருக்கும். சேர்த்து வைத்த 50 சதவீத போனஸ் போய்விடும், வண்டியையும் ஆய்வுக்குக் காட்ட வேண்டியிருக்கும்.

அடுத்து, சாதாரண ஃபுல் கவரையும், பம்பர் டு பம்பர் என்று நம்மவர்கள் சொல்லும் தேய்மானக் கழிவற்ற பாலிசியையும் ஒப்பிடலாம். சாதாரண ஃபுல் கவரில் உதிரி பாகங்களுக்குத் தேய்மானம் கழிப்பார்கள்: பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கும் பேட்டரிக்கும் 50 சதவீதம், கண்ணாடிக்கு ஒன்றும் இல்லை, ஐந்து முதல் பத்து வயது வரையான வண்டியின் உலோகப் பாகங்களுக்கு 40 சதவீதம், பெயின்ட் செலவில் பொருளுக்குப் பாதி. அதன் மேல் 1,500 சிசி வரையான காருக்கு ஒவ்வொரு க்ளெய்முக்கும் 1,000 ரூபாய் கட்டாயக் கழிவு. ஒத்தக்கடை அருகே முன்னால் போன லாரியில் வண்டி மோதி, பில் 36,000 ரூபாய் வந்தது என்று வைத்துக்கொள்வோம். பம்பரும் பிளாஸ்டிக் பாகங்களும் 8,000, பானட்டும் மட்கார்டும் 10,000, முன்கண்ணாடி 9,000, பெயின்ட் 4,000, கூலி 5,000. இதில் நிறுவனம் தருவது 4,000, 6,000, 9,000, 2,000, 5,000 ஆக 26,000. கட்டாயக் கழிவு போக 25,000. நம் கையிலிருந்து 11,000 போகிறது. பம்பர் டு பம்பர் இருந்தால் 1,000 மட்டுமே போகும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஐந்து ஆண்டு தாண்டிய வண்டிக்குப் பல நிறுவனங்கள் அதைத் தருவதில்லை. தருபவையும் கூடுதல் விலை வைக்கின்றன, ஓர் ஆண்டில் இத்தனை க்ளெய்ம்தான் என்று வரம்பும் போடுகின்றன. கடனில் வாங்கிய இரண்டு வயது வண்டி என்றால் அதை வாங்கச் சொல்வேன், திருட்டிலோ முழுச் சேதத்திலோ விலைப்பட்டியல் தொகையையே தரும் ரிட்டர்ன் டு இன்வாய்ஸையும் சேர்க்கச் சொல்வேன். மைத்துனரின் வண்டிக்கு இரண்டும் தேவையில்லை.

சிறு சேதங்களுக்குக் க்ளெய்ம் போவதே அவருக்கு நட்டம் என்பதும் இதில் சேர்கிறது. 50 சதவீத போனஸில் இருப்பவர் ஒரு க்ளெய்ம் வாங்கினால் அடுத்த ஆண்டு போனஸ் பூஜ்யமாகி, பிறகு 20, 25, 35, 45 என்று ஏறி ஆறாவது ஆண்டில்தான் பழைய இடத்துக்கு வரும். இழக்கும் 50, 30, 25, 15, 5 ஆகியவற்றைக் கூட்டினால் ஓர் ஆண்டு சொந்தச் சேத பிரீமியத்தில் 125 சதவீதம். அந்த பிரீமியம் மாறாது என்று கொண்டால், 7,200 ரூபாய்க்கு இது 9,000 ரூபாய். மாசி வீதிகளில் எங்கோ உரசி 12,000 ரூபாய் பில் வந்து நிறுவனம் 7,000 கொடுத்தால், அதை வாங்குகிறவர் 2,000 ரூபாய் இழக்கிறார். அதனால்தான் வாலன்டரி டிடக்டிபிள், அதாவது ஒவ்வொரு க்ளெய்மிலும் இவ்வளவு தொகையை நானே ஏற்கிறேன் என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்வது, இவரைப் போன்றவர்களுக்குப் பொருந்துகிறது. எப்படியும் வாங்கப் போகாத சிறு க்ளெய்மை விட்டுக்கொடுத்து பிரீமியத்தில் கழிவு பெறலாம்.

விட்டுக்கொடுக்கக் கூடாதவை வேறு இரண்டு. பிரீமியத்தைக் குறைத்துக் காட்டுவதற்காக முகவர்கள் ஐடிவியை இறக்குவது வழக்கம். 2,40,000 என்பதை 1,80,000 ஆக்கினால் இதே கணக்கில் மிச்சம் வரி நீங்கலாக 900 ரூபாய். திருட்டுப் போனால் குறையும் தொகை 60,000. இன்னொன்று, பிறர் சொத்துக்கான 7,50,000 வரம்பை 6,000 ரூபாயாகச் சுருக்கிக்கொள்ளும் வாய்ப்பு. அதற்குக் கிடைக்கும் கழிவு 100 ரூபாய்தான். இன்று ஓரளவு பெரிய காரின் ஹெட்லைட் ஒன்றுக்கே 6,000 போதாது.

மதுரைக்காரர்கள் மழையையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். கனமழை பெய்தால் கர்டர் பாலத்தின் அடியில் தண்ணீர் நிற்பது ஊரே அறிந்தது. 2024 அக்டோபர் மழையில் செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் வந்தபோது, என் சித்தப்பா மகனின் கார் வாசலில் கதவின் பாதி உயரம் வரை நனைந்து நின்றது. மறுநாள் தண்ணீர் வடிந்ததும் அவர் சாவியைத் திருகினார். ஒரு முட்டு முட்டி நின்றுபோனது. பட்டறையில் எஞ்சினைப் பிரித்தபோது, கையில் எடுத்துப் பார்த்த கனெக்டிங் ராட் வில் போல வளைந்திருந்தது. ஏர் ஃபில்டரைப் பிழிந்தால் சேற்று நீர் சொட்டியது. அவரிடம் ஃபுல் கவர் இருந்தது. இருக்கை, கம்பளம், ஒயரிங் ஆகியவற்றுக்குப் பணம் வந்தது. எஞ்சினுக்கு வரவில்லை. வெள்ளம் நனைத்தது விபத்து, நனைந்த வண்டியை ஸ்டார்ட் செய்ததால் வந்தது அதன் தொடர்விளைவு என்று சர்வேயர் எழுதினார். சாதாரண பாலிசியின் விதியும் அப்படித்தான் இருக்கிறது. எஞ்சின் பாதுகாப்பு என்ற இணைப்பை வாங்கியிருந்தால் அந்தச் செலவும் வந்திருக்கும். திருமங்கலத்தில் மேட்டில் வீடு இருந்தாலும், மழை மாலைகளில் நகருக்குள் வந்து போகிற மைத்துனருக்கு இந்த இணைப்பு வேண்டும் என்றே நினைக்கிறேன்.

கடைசியாக ஒன்று. உரிமையாளர்–ஓட்டுநருக்கான 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு, ஆர்சி யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு மட்டுமே. நம் பக்கத்தில் பெரும்பாலும் வண்டி அப்பா பெயரில் இருக்கும், ஓட்டுவது மகனாக இருக்கும். அந்த மகனுக்கு இதில் பங்கு இல்லை.

மைத்துனர் பேக்கேஜ் பாலிசியையே எடுத்தார்: ஐடிவி 2,40,000, சொத்து வரம்பு 7,50,000, எஞ்சின் பாதுகாப்பு உண்டு, பம்பர் டு பம்பர் இல்லை, வாலன்டரி டிடக்டிபிள் 5,000. கல்லூரியில் படிக்கும் அவர் மகன் ஓட்டுநர் உரிமம் வாங்கிவிட்டான். அவன் பெயரில் தனியாக ஒரு விபத்துக் காப்பீடு எடுத்துவிட்டுத்தான் சாவியைக் கொடுப்பேன் என்று சொல்லியிருக்கிறார்.